சுண்டு விரல், மோதிர விரல் மரத்துப்போகுது, முழங்கையில நரம்பு அழுத்தம்னு சொல்லிட்டாங்க - பிசியோலயே சரியாகுமா?

நீலவானம்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச மாசமா எனக்கு வலது கையில சுண்டு விரலும் மோதிர விரல்ல பாதியும் மரத்துப்போகுது. பாதின்னா நிஜமாவே பாதிதான், மோதிர விரலோட சுண்டு விரல் பக்கம் மட்டும் மந்தமா இருக்கு, நடு விரல் பக்கம் நல்லா இருக்கு. முதல்ல ராத்திரி மட்டும்தான் இருந்துச்சு, முழிப்பு வந்து கைய உதறுனா சரியாயிடும், மறுபடி தூங்கிடுவேன். இப்ப பகல்லயும் போன் காதுல வெச்சு பேசும்போது, படுத்துக்கிட்டு எதாவது படிக்கும்போது வந்துடுது. முழங்கைக்கு உள்பக்கம் துருத்திக்கிட்டு இருக்குற எலும்புக்கு பின்னாடி லேசா தட்டுனா சுருக்குனு சுண்டு விரல் நுனி வரைக்கும் ஓடுது. வேலை முழுக்க கம்ப்யூட்டர்லதான்.

டாக்டர், நரம்புல சிக்னல் போற வேகத்த அளக்குற நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் எடுக்க சொன்னாரு. முழங்கைய தாண்டுற இடத்துல மட்டும் அல்நார் நரம்போட (சுண்டு விரலுக்கு போற நரம்பு) வேகம் குறையுது, மத்த இடம் நார்மல், ஆரம்ப நிலைன்னு ரிப்போர்ட். ஆபரேஷன் இப்ப வேணாம், பிசியோ போங்கன்னு அனுப்பிட்டாரு. பிசியோல ஒரு எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்தாங்க, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமா சேத்து கைய திருப்பி கண்ணாடி போடுற மாதிரி கண்ணுல வெக்கிறது, மத்த மூணு விரலும் கன்னத்துல படணும். அத செஞ்ச அன்னிக்கு சாயங்காலம் பூரா விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கூட ரப்பர் பந்தும் அழுத்த சொன்னாங்க, தெரிஞ்சவர் ஒருத்தர் ஸ்டீராய்டு ஊசி போட்டா உடனே போயிடும்ங்கிறாரு, இன்னொருத்தர் முழங்கைக்கு பெல்ட் வாங்கி இறுக்கி கட்டுங்கிறாரு, யார் சொல்றத கேக்குறதுன்னு தெரியல. வலி பெருசா இல்ல, ஆனா இந்த மரப்பு அப்படியே நிரந்தரமா நின்னுடுமோன்னு பயமா இருக்கு. இது பிசியோலயே சரியான யாராவது இருக்கீங்களா? எக்சர்சைஸ் பண்ணி எறும்பு ஊர்றது நல்லதா கெட்டதா?

---

தசைநாண்:

வணக்கம் நீலவானம். கைக்கு பிசியோ பண்றதுதான் என் வேலை, இந்த பிரச்சனையோட வர்றவங்கள வாரா வாரம் பாக்குறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

உங்க கேள்வியில எக்சர்சைஸ், பந்து, ஊசி, பெல்ட்டுன்னு நிறைய இருக்கு, முழங்கைய நாள் பூரா எப்படி வெச்சிருக்கீங்கங்கிறது போகிற போக்குல ஒரு வரியில வருது, போன் பேசும்போதும் படுத்து படிக்கும்போதும் வருதுன்னு. வைத்தியம் அந்த ஒரு வரியிலதான் இருக்கு.

ஏன்னு சொல்றேன். முழங்கை எதுலயாவது இடிச்சா கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும்ல, அதுதான் இந்த நரம்பு. கழுத்துல இருந்து கை வரைக்கும் தசைக்குள்ள பத்திரமா வர்ற நரம்பு, முழங்கையில மட்டும் எலும்புக்கு பின்னாடி ஒரு சின்ன பள்ளத்துல தோலுக்கு அடியிலயே ஓடுது. அந்த பள்ளத்துக்கு மேல கூரை மாதிரி ஒரு நார்ப்பட்டை இருக்கு. கை நீட்டி இருக்கும்போது அது தொளதொளன்னு இருக்கும், மடக்குனா இறுகிடும். அதோட நரம்பு எலும்ப சுத்தி வளைஞ்சு போறதால மடக்கும்போது நரம்பே இழுபடுது. அதாவது ஒரே நேரத்துல இடமும் சின்னதாகுது, நரம்பும் நீளுது. அப்படியே மணிக்கணக்கா வெச்சா நரம்புக்கு உள்ள போற ரத்த ஓட்டம் குறையும், விரல் மரத்துப்போகும். கைய உதறும்போது முழங்கை நீளுது, ரத்தம் திரும்புது, சரியாகுது. உங்களுக்கு இன்னமும் உதறுனா சரியாகுதுங்கிறதே நல்ல அறிகுறி.

சுவீடன்ல இத வெச்சு ஒரு ஆய்வு பண்ணி 2009ல வெளியிட்டாங்க. லேசான, நடுத்தர நிலையில இருக்குறவங்கள மூணு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு ராத்திரி முழங்கை மடங்காம பிடிச்சு வெக்கிற ஸ்ப்ளின்ட், ஒரு குழுவுக்கு நரம்பு வழுக்குற பயிற்சி, மூணாவது குழுவுக்கு ரெண்டும் கிடையாது. ஆனா மூணு குழுவுக்கும் ஒரு விஷயம் பொது, எந்த பொசிஷன் நரம்ப அழுத்துது, எதையெல்லாம் தவிர்க்கணும்னு உக்கார வெச்சு விளக்கமா சொல்லிக் குடுத்தாங்க. ஆறு மாசம் கழிச்சு பாத்தா கடைசி வரைக்கும் இருந்தவங்கள்ல 10ல 9 பேருக்கு முன்னேற்றம், குழுக்களுக்கு நடுவுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. இத நான் என் பேஷண்ட்டுங்க எல்லார்கிட்டயும் சொல்றேன், ஏன்னா பிசியோன்னா எதையாவது செய்யணும்னு நினைக்கிறாங்க, இந்த நரம்புக்கு செய்யாம விடுறதுதான் முக்கால்வாசி வைத்தியம்.

இப்ப உங்க கண்ணாடி எக்சர்சைஸ். அந்த பொசிஷன பாருங்க, முழங்கை முழுசா மடங்கியிருக்கு, மணிக்கட்டு பின்னாடி நிமிர்ந்திருக்கு, கை பக்கவாட்டுல தூக்கியிருக்கு. நரம்பு அழுத்தம் இருக்கான்னு கண்டுபிடிக்க நாங்க வைக்கிற பரிசோதனை பொசிஷனும் கிட்டத்தட்ட இதேதான். அதாவது நரம்ப ரெண்டு முனையிலயும் பிடிச்சு இழுக்குறது. இதுக்கு டென்ஷனர்னு பேரு, நரம்பு நல்லா அடங்குனதுக்கு அப்புறம் சிலருக்கு குடுப்போம். ஆரம்பத்துல குடுக்க வேண்டியது ஸ்லைடர், ஒரு பக்கம் இழுக்கும்போது இன்னொரு பக்கம் விட்டுக் குடுக்குறது. முழங்கைய மடக்கும்போது மணிக்கட்டு உள்பக்கமா தளர்ந்து விழணும், முழங்கைய நீட்டும்போது மணிக்கட்டு பின்னாடி நிமிரணும். கை தோள் உயரத்துக்கு கீழயே இருக்கட்டும். மெதுவா ஊஞ்சல் ஆடுற வேகத்துல போயிட்டு வரணும், எந்த முனையிலயும் நிறுத்தி பிடிக்க கூடாது. 2008ல உடல் தானமா வந்த கைகள்ல அளந்து பாத்திருக்காங்க, ஸ்லைடர்ல முழங்கைகிட்ட அல்நார் நரம்பு 8.3 மில்லிமீட்டர் நகருது, டென்ஷனர்ல 3.8 தான். நகர்றதும் அதிகம், இழுவிசையும் கம்மி.

எறும்பு ஊர்றது நல்லதான்னு கேட்டீங்க. செய்யும்போது லேசா ஒரு உணர்வு வந்து கைய இறக்குன உடனே போயிட்டா பரவாயில்ல. சாயங்காலம் பூரா இருக்குன்னா அது அதிகம், நரம்பு கோவிச்சுக்குது. தசைய நீட்டி விடுற மாதிரி நரம்ப நீட்டி விட முடியாது, வலிச்சாதான் பலன்ங்கிற கணக்கு இங்க செல்லாது. உங்க பிசியோகிட்ட போய் இதே வார்த்தைய சொல்லுங்க, செஞ்ச அன்னிக்கு சாயங்காலம் பூரா இருக்குன்னு. அவங்களே மாத்திக் குடுப்பாங்க.

பந்து இப்போதைக்கு வேணாம். நரம்பு அந்த பள்ளத்த விட்டு வெளிய வரும்போது முன்கையில ஒரு தசையோட ரெண்டு தலைக்கு நடுவுல நுழைஞ்சு போகுது, இறுக்கி பிடிக்க பிடிக்க அந்த தசை நரம்ப நெருக்கும். முழங்கைய மடக்கி வெச்சுக்கிட்டு பந்த அழுத்துனா ரெண்டு அழுத்தமும் சேந்து வரும். பலம் குறைஞ்சிருந்தா அதுக்கு வேற மெல்லிய பயிற்சி இருக்கு, பின்னாடி பாத்துக்கலாம்.

ஸ்டீராய்டு ஊசி இந்த இடத்துல வெறும் டம்மி ஊசிய விட பெருசா பலன் குடுக்கலன்னு ஒப்பிட்டு பாத்திருக்காங்க, அதனால நான் அந்தப் பக்கம் போக சொல்ல மாட்டேன். இறுக்கி கட்டுற பெல்ட் நேரா அந்த பள்ளத்து மேலயே அழுத்தும், வேணவே வேணாம். கரண்ட் வைக்கிறது, ஒத்தடம் இதெல்லாம் கொஞ்ச நேரம் இதமா இருக்கலாம், ஆனா மரத்த தோல்ல சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பாப்பீங்க, ஜாக்கிரதை.

ராத்திரிக்கு முழங்கைய 30ல இருந்து 45 டிகிரி மடக்கத்துல வெக்கிற மாதிரி ஒரு மென்மையான ஸ்ப்ளின்ட். முழுசா நீட்டி கட்ட வேண்டாம், நரம்புக்கு உள்ள அழுத்தம் ரொம்ப கம்மியா இருக்குறது 40, 50 டிகிரி வாக்குலதான்.

கடைசியா ரெண்டு விஷயம் நீங்களே பாத்து சொல்லுங்க. ஒண்ணு, ஒரு பேப்பர கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலோட பக்கவாட்டுக்கும் நடுவுல சாவி பிடிக்கிற மாதிரி ரெண்டு கையிலயும் பிடிச்சு இழுங்க, வலது கட்டை விரலோட நுனி மூட்டு மடங்குதா, நேரா இருக்கான்னு பாருங்க. ரெண்டாவது, மரப்பு உள்ளங்கைப் பக்கம் மட்டுமா, இல்ல புறங்கையில சுண்டு விரலுக்கு கீழ இருக்குற பகுதியிலயும் இருக்கா?

---

அகல்:

நீலவானம், எனக்கு குழந்தை பிறந்த புதுசுல இதே பிரச்சனை ரெண்டு கையிலயும் வந்துச்சு. பால் குடுக்கும்போது குழந்தை தலைய தாங்கி முழங்கைய மடக்கி மணிக்கணக்கா உக்காந்திருப்போம்ல, அதுதான் காரணம்னு சொன்னாங்க. தசைநாண் சொல்றது நூத்துக்கு நூறு உண்மை, எனக்கு எக்சர்சைஸ விட பொசிஷன மாத்துனதுதான் கேட்டுச்சு. தலையணைய குழந்தைக்கு அடியில வெச்சு எடைய அது மேல இறக்கிட்டு கைய தளர்த்தி நீட்டிக்கிட்டேன்.

ஸ்ப்ளின்ட் எனக்கு ஒத்துக்கல, வேர்த்து வேர்த்து அரிச்சது, தூக்கத்துலயே கழட்டி போட்டுடுவேன். அப்புறம் ஒரு பெரிய குளிக்கிற துண்ட எடுத்து முழங்கைய நடுவுல வெச்சு தளர்வா சுத்தி, மேலயும் கீழயும் டேப் ஒட்டிக்கிட்டு படுத்தேன். இறுக்கமா சுத்த கூடாது, கை மடக்க போனா துண்டோட தடிமன் தடுக்கணும், அவ்வளவுதான். அதுல நல்லா தூங்க முடிஞ்சது. இன்னொன்னு, ஒருக்களிச்சு படுத்து கைய கன்னத்துக்கு அடியில வெச்சு தூங்குற பழக்கம் இருந்தா அத விடுறதுதான் கஷ்டம். ஒரு தலையணைய கட்டி பிடிச்சுக்கிட்டு மேல் கைய அது மேல நீட்டி வெச்சு பழகுனேன், கொஞ்ச நாள்ல தூக்கத்துலயே கை அங்க போயிடும்.

பகல்ல போனுக்கு இயர்போன் போட்டுக்கோங்க. காலையில எந்திரிக்கும்போது விரல்ல உணர்வு மாறுதான்னு மட்டும் பாருங்க, பகல் மரப்பு அதுக்கு அப்புறம்தான் குறைஞ்சது எனக்கு. நடுவுல சில நாள் திரும்ப அதிகமாகும், மனச விட்டுடாதீங்க.

---

டம்பெல்:

நல்ல திரி, நானும் ஒண்ணு கேட்டுக்கிறேன். தசைநாண் சார், எனக்கு முழங்கைய மடக்கும்போது உள்பக்கம் எதோ ஒண்ணு டக்குனு எலும்பு மேல ஏறி தாண்டுது, நீட்டும்போது திரும்ப டக்குனு உள்ள போகுது. விரல் வெச்சு தொட்டா கயிறு மாதிரி உருள்றது தெரியுது. ஜிம்ல ட்ரைசெப்ஸ் பண்ணும்போது அதிகம், அன்னிக்கு சுண்டு விரல் மந்தமாயிடுது. இதுவும் அதே பிரச்சனைதானா? ஸ்லைடர் நானும் பண்ணலாமா?

---

தசைநாண்:

டம்பெல், சார் இல்ல, மேடம். அது நரம்பு பள்ளத்த விட்டு எலும்பு மேல ஏறி இறங்குறது. 100 பேர எடுத்தா 16 பேர் வாக்குல இது இருக்கும், பெரும்பாலானவங்களுக்கு எந்த தொந்தரவும் குடுக்காது, இருக்குறதே தெரியாது. ஆனா உங்களுக்கு ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் நரம்பு எலும்புல உரசுது, அதனாலதான் ட்ரைசெப்ஸ் அன்னிக்கு மந்தம். சில பேருக்கு ட்ரைசெப்ஸ் தசையோட உள் ஓரமும் கூடவே தாண்டும், அப்ப ரெண்டு தடவை டக் டக்குனு இருக்கும்.

உங்களுக்கு முழு மடக்கம் வர்ற எந்த பயிற்சியும் வேணாம், ஸ்லைடரும் டக்குனு தாண்டுற கோணத்துக்கு முன்னாடியே நிறுத்திடணும், பெரும்பாலும் அது 90 டிகிரிக்கு அப்புறம் வரும், உங்க கோணத்த நீங்களே விரல் வெச்சு பாத்துக்கோங்க. கழுத்துக்கு பின்னாடி கைய மடக்கி செய்யிற ட்ரைசெப்ஸ், ஆழமா இறங்குற டிப்ஸ், முழுசா மடக்குற பைசெப்ஸ் கர்ல் மூணும் கொஞ்ச காலம் நிறுத்துங்க. கால், முதுகு பயிற்சியெல்லாம் தாராளமா பண்ணலாம். அந்த நரம்ப விரலால உருட்டி உருட்டி பாக்குறத முதல்ல நிறுத்துங்க, எல்லாரும் அத பண்றாங்க, அதுவே எரிச்சல். மந்தம் அடுத்த நாளும் நிக்குதுன்னா டெஸ்ட் எடுத்துடுங்க. அசையும்போதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல பாத்தா தெளிவா தெரியும்.

---

இழைப்புளி:

தங்கச்சி நீலவானம், தம்பியா இருந்தா தம்பின்னு வெச்சுக்கோங்க. நான் மரவேலை செய்யிறவன், வயசு அம்பதுக்கு மேல. எனக்கு ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. உங்கள பயமுறுத்த எழுதல, எத கவனிக்கணும்னு தெரியணும்ங்கிறதுக்காக எழுதுறேன்.

சின்ன வயசுல மரத்துல இருந்து விழுந்து முழங்கை ஒடிஞ்சது, கொஞ்சம் வெளிப்பக்கமா வளைஞ்சே கூடுச்சு. அதோட விளைவு பல வருஷம் கழிச்சு இப்படி வரும்னு டாக்டர் சொல்லித்தான் தெரியும், எலும்பு கோணலா இருக்குறதால நரம்பு வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே இருந்திருக்கு. யாருக்காவது சின்ன வயசுல முழங்கை முறிவு இருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க, பழசுதானேன்னு விட்டுடாதீங்க.

எனக்கு மரப்பு பெருசா தொந்தரவு பண்ணல, கை காய்ச்சுப்போன கைதானே. முதல்ல போனது பிடிமானம். ஆணிய ரெண்டு விரல்ல பிடிச்சு நிறுத்துவோம்ல, அது வழுக்க ஆரம்பிச்சது. சட்டை பாக்கெட்ல கை விட்டா சுண்டு விரல் மட்டும் வெளியில மாட்டிக்கும், மத்த விரலோட ஒட்டாம தனியா விலகி நிக்கும். அப்புறம் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல புறங்கைப் பக்கம் மேடா இருக்குமே அந்த சதை, அது குழி விழுந்துடுச்சு. வெளிச்சத்துல ரெண்டு கையையும் பக்கத்துல வெச்சு பாத்தா பளிச்சுனு தெரியும். அப்ப டாக்டர் சொன்னாரு, சதை கரைய ஆரம்பிச்சா பிசியோ மட்டும் போதாது, நரம்ப விடுவிக்கணும்னு. எனக்கு கோணல் அதிகம்ங்கிறதால நரம்ப எடுத்து முன்பக்கமா மாத்தி வெச்சாங்க.

அப்புறம் பொறுமைதான். நரம்பு ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் கணக்குலதான் வளருமாம், முழங்கையில இருந்து கைக்குள்ள இருக்குற சின்ன சதை வரைக்கும் 30 சென்டிமீட்டர் வாக்குல இருக்கு, நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. மரப்பு பெருமளவு போயிடுச்சு, சதை கொஞ்சம்தான் திரும்புச்சு. தழும்புக்கு பக்கத்துல முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தோல் மரத்தே இருக்கு, அது பழகிடுச்சு. வேலைக்கு உளி பிடிக்க கைப்பிடிய தடியா மாத்திக்கிட்டேன், தடியான பிடிக்கு சின்ன சதை அவ்வளவா தேவைப்படல. அதனால உங்களுக்கு சொல்றது ஒண்ணுதான், மரப்ப மட்டும் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, பலத்த பாருங்க.

---

நீலவானம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விளக்கமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. இழைப்புளி அண்ணா, தங்கச்சிதான். உங்க பதிவ படிச்சிட்டு முதல் வேலையா ரெண்டு கையையும் ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு பாத்தேன், குழி எதுவும் இல்ல.

தசைநாண் மேடம், பேப்பர் டெஸ்ட் பண்ணேன், கட்டை விரல் நேராதான் இருக்கு, ரெண்டு கையும் ஒரே மாதிரி. விரல் மேல விரல் போடுறதும் வருது. மரப்பு புறங்கையிலயும் இருக்கு, சுண்டு விரலுக்கு கீழ இருந்து மணிக்கட்டுக்கு கிட்ட வரைக்கும், அங்க பஞ்சு வெச்சு தடவுனா இந்த கையில மந்தமா தெரியுது. முன்கையில எதுவும் இல்ல.

அகல் சொன்ன துண்டு போட்டு படுக்குறேன், எடுத்த எடுப்புலயே ராத்திரி முழிப்பு குறைஞ்சிடுச்சு. கண்ணாடி எக்சர்சைஸ நிறுத்திட்டேன், பிசியோகிட்ட சொன்னதுக்கு அவங்களும் சரின்னு ஸ்லைடருக்கு மாத்திக் குடுத்தாங்க. இன்னும் சில சந்தேகம். வீட்டுல கழுத்து எலும்பு தேய்மானமா இருக்கும், கழுத்துக்கு ஸ்கேன் எடுன்னு சொல்றாங்க, எடுக்கணுமா? பி12 மாத்திரை போட்டா நரம்புக்கு நல்லதுன்னும் சொல்றாங்க. கம்ப்யூட்டர் வேலைய விட முடியாது, அதுல என்ன மாத்தணும்? எத்தன நாள் பாக்கலாம் இப்படி?

---

தசைநாண்:

நல்லா பாத்து சொல்லியிருக்கீங்க. புறங்கை மரப்ப ஏன் கேட்டேன்னா, அந்த தோலுக்கு போற கிளை மணிக்கட்டுக்கு கொஞ்சம் மேலயே முன்கையில பிரிஞ்சு போயிடும். மணிக்கட்டுல அழுத்தம்னா புறங்கை தப்பிச்சிடும், உள்ளங்கைப் பக்கம் மட்டும் மரக்கும், சைக்கிள் ஹேண்டில்ல உள்ளங்கைய ஊனி நிறைய தூரம் ஓட்டுறவங்களுக்கு அப்படி வரும். உங்களுக்கு புறங்கையும் மந்தம்னா பிரச்சனை அந்த கிளை பிரியிறதுக்கு மேலதான், ரிப்போர்ட்டோட ஒத்துப்போகுது.

கழுத்துக்கு வருவோம். கழுத்துல இருந்து வர்ற நரம்பு வேர் அழுத்தப்பட்டா மரப்பு பொதுவா முன்கையோட உள்பக்கத்துலயும் இருக்கும், மோதிர விரல இப்படி நடுவுல கோடு போட்டு பிரிக்காது, கழுத்த திருப்புனா சாச்சா கைக்கு வலி இறங்கும். உங்களுக்கு முன்கை சுத்தமா இருக்கு, விரல் பாதியா பிரியுது, டெஸ்ட்லயும் முழங்கையில மட்டும் வேகம் குறையுது. கழுத்துல ஸ்கேன் எடுத்தா எதாவது தேய்மானம் காட்டத்தான் செய்யும், வயசானா எல்லாருக்கும் காட்டும், அத பாத்து தேவையில்லாம பயந்துடுவீங்க. டாக்டரே கேட்டா எடுங்க, நீங்களா போய் எடுக்காதீங்க.

பி12 உடம்புல குறைவா இருந்தா போட்டே ஆகணும், ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும், சர்க்கரையையும் தைராய்டையும் அதோடயே பாத்துடுங்க, ஏன்னா சர்க்கரை இருந்தா நரம்பு சின்ன அழுத்தத்துக்கே துவண்டுடும். அளவு சரியா இருந்தா மாத்திரை முழங்கையில இருக்குற அழுத்தத்த எடுக்காது. இத படிக்கிற மத்தவங்களுக்கும் ஒண்ணு, முழங்கைக்கு மேல நரம்பு தடிச்சு கயிறு மாதிரி தட்டுப்பட்டு, கூடவே உடம்புல எங்கயாவது வெளிறுன, தொட்டா உணர்ச்சி இல்லாத தேமல் மாதிரி இருந்தா தோல் டாக்டர உடனே பாருங்க. தொழுநோய் இந்த நரம்ப ரொம்ப விரும்பி பிடிக்கும், மருந்துல முழுசா குணமாகுற நோய் அது, சீக்கிரம் பிடிச்சா கை தப்பிச்சிடும்.

கம்ப்யூட்டர்ல நீங்க மாத்த வேண்டியது மேஜை விளிம்பு. அங்கதான் பெரும்பாலானவங்க முழங்கைய ஊனுறாங்க, இல்லனா நாற்காலி கைப்பிடியில. கீபோர்ட கொஞ்சம் தள்ளி வெச்சு, நாற்காலிய உயர்த்தி, முழங்கை 90 டிகிரிக்கு மேல விரிஞ்சு இருக்குற மாதிரி உக்காருங்க. கைப்பிடி கடினமா இருந்தா முன்கையோட சதை அதுல படட்டும், எலும்பு முனை படக்கூடாது, முடியலன்னா கைப்பிடிய இறக்கிடுங்க. மடியில லேப்டாப் வெச்சு படுத்துக்கிட்டு வேலை பாக்குறத விட்டுடுங்க. யோசிக்கும்போது கன்னத்துல கை வெச்சு முழங்கைய மேஜையில ஊனுவோம்ல, அத கவனிங்க, அதுல மடக்கமும் அழுத்தமும் சேந்தே வருது, கூட வேலை பாக்குறவங்கள பாத்தா சொல்ல சொல்லுங்க, நமக்கா தெரியாது. கார்ல போகும்போது ஜன்னல் ஓரத்துல முழங்கைய வெக்கிறதும் அப்படித்தான்.

ஸ்லைடர் ஒரு தடவைக்கு பத்து, நாளைக்கு ரெண்டு மூணு வேளை, அதுக்கு மேல வேண்டாம். முடிச்சு அரை மணி நேரத்துல கை பழைய நிலைக்கு வரலன்னா மடக்குற அளவ பாதியாக்குங்க. ராத்திரி முழிப்பு முழுசா நின்னு, தட்டுனா ஓடுற சுருக்கு குறைஞ்ச பிறகு உங்க பிசியோ தோள்பட்டைக்கும் விரல் விரிக்கிறதுக்கும் பயிற்சி ஆரம்பிப்பாங்க.

எத்தன நாள்னு கேட்டீங்க. பலம் நல்லா இருக்குற ஆரம்ப நிலைக்கு பொதுவா மூணு மாசம் ஒழுங்கா இப்படி இருந்து பாப்போம், முன்னேற்றம் தெரிஞ்சா ஆறு மாசம் வரைக்கும் தொடருவோம். ராத்திரி முழிப்புதான் முதல்ல குறையும், விரல் நுனியோட மந்தம் கடைசியாத்தான் போகும், அதனால அத வெச்சு முன்னேற்றத்த அளக்காதீங்க. ஆனா பேப்பர் டெஸ்ட வாரத்துக்கு ஒரு தடவை பண்ணுங்க. கட்டை விரல் மடங்க ஆரம்பிச்சாலோ, சுண்டு விரல் தனியா விலகி நின்னாலோ, மரப்பு விட்டு விட்டு வராம 24 மணி நேரமும் நின்னுட்டாலோ மூணு மாசம் முடியட்டும்னு காத்திருக்காதீங்க, அந்த வாரமே கை சர்ஜன பாருங்க. நரம்ப இருக்குற இடத்துலயே விடுவிக்கிறது சின்ன ஆபரேஷன்தான். சாதாரண கேஸ்ல நரம்ப இடம் மாத்தி வெக்கிறதுக்கு சமமான பலன் அதுலயே கிடைக்குது, புண்ல இன்ஃபெக்‌ஷன் வர்றதும் அதுல கம்மி. இழைப்புளி அண்ணாவுக்கு எலும்பு கோணல் இருந்ததால இடம் மாத்துறது தேவைப்பட்டுச்சு.

---

நீலவானம்:

புரிஞ்சது மேடம். மேஜை விளிம்பு சொன்னீங்களே, என் வலது முழங்கையில எலும்பு படுற இடத்துல தோல் கருத்து தடிச்சே இருக்கு, இடது பக்கம் அப்படி இல்ல. மவுஸ் பிடிக்கிற கை அதுதான். மவுஸ இடது கைக்கு மாத்திடலாமா?

---

தசைநாண்:

மாத்துனா இடது முழங்கையும் அதே விளிம்புல போய் உக்காரும். கை மாத்துறத விட இடத்த மாத்துங்க. மவுஸ் தள்ளி இருந்தா கை நீளும், தாங்குறதுக்கு முழங்கைய ஊனித்தான் ஆகணும், அதனால அத கீபோர்டுக்கு ஒட்டுனாப்ல பக்கத்துல கொண்டு வாங்க, மேல்கை உடம்போட ஒட்டி தொங்கட்டும், முன்கையில நடுப்பகுதி மட்டும் மேஜையில படட்டும். அது வரைக்கும் விளையாட்டுக்கு முழங்கால்ல போடுற மாதிரி ஒரு மெத்தை உறை கிடைக்கும், முழங்கைக்கு தளர்வான சைஸ்ல வாங்கி பகல்ல போட்டுக்கோங்க. மெத்தை பின்பக்கம் எலும்பு மேல இருக்கணும். ராத்திரி அதையே திருப்பி மெத்தைய முன்பக்கம் மடிப்புல வர்ற மாதிரி போட்டா மடக்க விடாம தடுக்கும், துண்டு சுத்துற வேலையும் மிச்சம்.

---

அகல்:

இந்த திருப்பி போடுற விஷயம் எனக்கு தெரியாது, தெரிஞ்சிருந்தா டேப் வாங்கியிருக்கவே மாட்டேன். நீலவானம், மூணு மாசம் கழிச்சு எப்படி இருக்குன்னு இங்கயே எழுதுங்க, தேடி வந்து படிக்கிறவங்களுக்கு உதவும்.